கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் சிறு தொழிற்சாலை நடத்துபவர்கள் மின்சிக்கனத் திட்டங்களில் பணம் போடலாமா?

தாராளமாகப் போடலாம். ஆனால் எனர்ஜி ஆடிட் (மின்சாரமும் எரிபொருளும் எங்கே வீணாகிறது என்று பார்க்கும் தணிக்கை) அறிக்கையில் 'ஒன்றரை வருடத்தில் போட்ட முதல் திரும்பும்' என்று இருப்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்தக் கணக்கில் ஓடும் மணிநேரமும் யூனிட் விலையும் உங்களுடையவைதானா என்று முதலில் பாருங்கள்.

மோட்டார்களை மின்சிக்கனத்தின்படி ஐ.இ.2, அதைவிட மேலான ஐ.இ.3 என்று ரகம் பிரிக்கிறார்கள். 15 குதிரைத்திறன் மோட்டாரில், எடுக்கும் மின்சாரத்தில் வேலையாக மாறும் பங்கு ஐ.இ.2 ரகத்தில் 89.8 சதவீதம், ஐ.இ.3-ல் 91.4. முக்கால் லோடில் வருடம் 4,000 மணிநேரம் ஓடினால் மிச்சம் சுமார் 640 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் வைத்தாலும் ஐயாயிரம் சொச்சம்தான். ஓசூரில் மூன்று ஷிப்ட் ஓடும் பட்டறையில் இது கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். சீசனுக்கு மட்டும் ஓடும் மாங்கூழ் ஆலையில், நன்றாக இருக்கும் மோட்டாரைக் கழற்றிப் போடுவது வீண். வருடம் முழுக்க ஓடும் மோட்டார் எரிந்துபோனால் மட்டும் ரீவைண்டிங் பக்கம் போகாமல் ஐ.இ.3 வாங்குங்கள். பழைய காயிலை நெருப்பில் எரித்து எடுக்கும்போது உள்ளே இருக்கும் ஸ்டாம்பிங் எனும் இரும்புத் தகடுகளின் இன்சுலேஷன் கெட்டு, அதன்பின் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும்.

மாங்கூழ் ஆலைக்குப் பணம் பாய்லரில் இருக்கிறது. பாய்லருக்குள் போகும் தண்ணீரின் (ஃபீட் வாட்டர்) சூடு 6 டிகிரி ஏறினால் எரிபொருளில் 1 சதவீதம் மிச்சம். கூழோடு கலக்காத கண்டன்சேட்டை, அதாவது நீராவி குளிர்ந்து வரும் சூடான தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவந்து 30 டிகிரித் தண்ணீரை 60 ஆக்கினால் 5 சதவீதம். ஸ்டீம் டிராப் (நீராவியை விடாமல் கண்டன்சேட்டை மட்டும் வெளியேற்றும் வால்வு) சோதனையை ஏப்ரலுக்குள் முடித்துவிடுங்கள், பழம் வந்து இறங்கிய பிறகு லைனை நிறுத்த முடியாது.

யூனிட் விலைக்கு வருவோம். மொத்த பில்லை யூனிட்டால் வகுத்து வரும் விலையில் டிமாண்ட் சார்ஜும் (ஒரே நேரத்தில் எடுக்கும் உச்ச மின்அளவுக்கான கட்டணம்) சேர்ந்திருக்கும். யூனிட் குறைந்தால் அதுவும் குறையும் என்று நினைப்பது தவறு. ஹெச்.டி. (உயர் அழுத்த) இணைப்பில் 200 கே.வி.ஏ. (டிமாண்டை அளக்கும் அலகு) அனுமதி வாங்கியிருந்தால், நீங்கள் 150 தான் எடுத்தாலும் 90 சதவீதமான 180-க்குக் கட்ட வேண்டும். சேமிப்பு நிலைத்த பிறகு, அனுமதித்த டிமாண்டைக் குறைக்க எழுதிக் கொடுத்தால்தான் அந்தப் பலன் கைக்கு வரும்.

ஓசூர் பட்டறைகளுக்கு என் முதல் சிபாரிசு, செலவே இல்லாத கம்ப்ரசர் சோதனை. வார விடுமுறையில் எல்லா மெஷினையும் நிறுத்தி, ஏர் லைன் வால்வுகளைத் திறந்தபடி விட்டு, கம்ப்ரசரை மட்டும் ஓட்டுங்கள். லோடில் (காற்றை அழுத்தியபடி) 1 நிமிடம், அன்லோடில் (அழுத்தாமல் சும்மா சுற்றியபடி) 3 நிமிடம் என்றால் கசிவு 25 சதவீதம். 50 குதிரைத்திறன் கம்ப்ரசரில் அது கிட்டத்தட்ட 9 கிலோவாட். இரண்டு ஷிப்ட், 300 நாளுக்கு 43,200 யூனிட். அதை அடைத்தால் முழுதும் மிச்சமாகாது, அன்லோடிலும் கம்ப்ரசர் கால் பங்குக்கு மேல் மின்சாரம் எடுக்கும். மூன்றில் இரண்டு பங்கு என்று கணக்கு வையுங்கள், அதுவே பெரிய தொகை.

சோப்பு நுரையோடு தேடும்போது மெயின் பைப்பை விட ஹோஸ் கப்ளிங், ஃபில்டர் கிண்ணத்தின் அடித் திருகு, ஏர் கன் ஆகியவற்றை முதலில் பாருங்கள். அடைத்தபின் கட்-அவுட் பிரஷரை (கம்ப்ரசர் அழுத்துவதை நிறுத்தும் காற்றழுத்த அளவு) ஒரு பார் இறக்குங்கள், கம்ப்ரசரின் மின்செலவு இன்னும் 6 சதவீதம் குறையும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மாதம் ஒருமுறை இதே சோதனையைச் செய்ய ஷிப்டில் ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள், இல்லையென்றால் கசிவு திரும்ப வந்துவிடும்.

சிறு தொழில்களின் எனர்ஜி ஆடிட்டுக்கும் மின்சிக்கனத்துக்கும் உதவும் தமிழக அரசின் 'பீஸ்' (PEACE) திட்டத்தில் ஆடிட் செலவிலும் மாற்றும் இயந்திரத்தின் விலையிலும் ஒரு பங்கு மானியம் உண்டு. ஆடிட் முடிந்து, அதில் பரிந்துரைத்த இயந்திரமாக இருக்க வேண்டும். அதனால் கொட்டேஷனுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே மாவட்டத் தொழில் மையத்தில் இப்போதைய உச்சவரம்பையும் தேவையான ஆவணங்களையும் கேட்டுவிடுங்கள்.