கல்லூரிக் கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரைத் தேடும்போது ரசிகர்களின் விவாதத்துக்கு மதிப்பு உண்டா?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒரு பயிற்சியாளர் நீக்கப்பட்டவுடன் அடுத்தவர் யார் என்று ரசிகர்கள் வாரக்கணக்கில் விவாதிக்கிறார்கள். நிர்வாகம் அதைப் பொருட்படுத்துமா? ரசிகர்களின் கணிப்பு பலித்ததுண்டா?

பொருட்படுத்தும், சில வேளைகளில் அஞ்சவும் செய்யும். ஆனால் ரசிகர்களால் ஒருவரைத் தடுக்க முடிந்த அளவுக்குச் சரியான ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடிந்ததில்லை என்பதே நான் கண்டது. முதுநிலைப் படிப்புக்காக 2014இல் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகருக்கு வந்து, படிப்பு முடிந்த பின்னும் இங்கேயே வேலை பார்த்து வருபவன் நான். முட்டை வடிவப் பந்தை வைத்து ஆடும் இந்த ஆட்டத்தின் விதிகளே எனக்கு முதலில் புரியவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரும் நேலண்ட் ஸ்டேடியத்தில், ஆரஞ்சு நிறச் சட்டை அணிந்த கூட்டத்தின் நடுவே இரண்டு பருவங்கள் உட்கார்ந்த பிறகு டென்னசி பல்கலைக்கழக அணி என் அணியாகிவிட்டது. அந்த அணிக்காக 2017ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நடந்த தேடலை நான் அருகிலிருந்து பார்த்தேன் என்பதால் அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிலிப் ஃபுல்மர் என்ற பயிற்சியாளரின் கீழ் 1998 பருவத்தில் தேசியப் பட்டம் வென்ற அணி இது. 2008இல் அவர் நீக்கப்பட்ட பிறகு வந்த லேன் கிஃபின் ஒரே பருவத்தில் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அடுத்து வந்த டெரக் டூலி மூன்றாண்டுகள் கூட நிலைக்கவில்லை. அவருக்குப் பின் வந்த புட்ச் ஜோன்ஸ், 2017 நவம்பரில் மிசூரியிடம் 50-17 என்று தோற்ற மறுநாள் நீக்கப்பட்டார். அந்தப் பருவம் 4 வெற்றி, 8 தோல்வி என்று முடிந்தது. அந்த அணியின் வரலாற்றில் அதற்கு முன் எந்தப் பருவத்திலும் எட்டுத் தோல்விகள் வந்ததில்லை. பத்தாண்டுக் காலம் ஏமாற்றத்தைச் சேர்த்து வைத்திருந்த ஊர் எப்படிப்பட்ட மனநிலையில் விவாதத்துக்கு வரும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அப்போது எல்லார் வாயிலும் இருந்த பெயர் ஜான் க்ரூடன். தொழில்முறைக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றவர், எண்பதுகளில் டென்னசியில் இளம் உதவியாளராக வேலை பார்த்தவர், அவருடைய மனைவி இங்கே படித்தவர் என்ற மூன்று செய்திகளையும் சேர்த்து, அவர் வந்தே தீருவார் என்று ரசிகர்கள் ஒரு கோட்டையைக் கட்டியிருந்தார்கள். தனியார் விமானங்களின் பயணப் பாதையைக் கணினியில் பின்தொடர்ந்து, இன்ன ஊரிலிருந்து இன்ன விமானம் நாக்ஸ்வில்லில் இறங்குகிறது, அதில் அவர் இருக்கக்கூடும் என்று இரவெல்லாம் பேசினார்கள். நானும் அந்தப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களில் ஒருவன். ஒருவர் வேண்டும் என்ற ஆசை முற்றும்போது, அவர் வருவதற்கான சான்றாகவே எல்லாச் செய்தியும் நமக்குத் தெரியத் தொடங்குகிறது. க்ரூடன் 2018 ஜனவரியில், தாம் முன்பு பயிற்றுவித்த தொழில்முறை அணியான ரெய்டர்ஸுக்கே திரும்பினார்.

நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. விளையாட்டுத் துறை இயக்குநர் ஜான் கரி, ஒஹாயோ ஸ்டேட் அணியின் தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் க்ரெக் ஷியானோவுடன் உடன்பாட்டுக்கு வந்துவிட்டார் என்ற செய்தி மதியம் கசிந்தது. சில மணி நேரத்தில் வளாகத்தில் கூட்டம் திரண்டது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் எதிர்ப்பு அறிக்கை விட்டார்கள். ஆளுநர் தேர்தலில் நின்றவர்களும் பேசினார்கள். மாணவர்கள் வாழ்த்தும் அறிவிப்பும் எழுதும் 'தி ராக்' என்ற பெரிய பாறையில் ஷியானோவின் பெயரோடு கடுமையான குற்றச்சாட்டு ஒன்று வர்ணத்தால் எழுதப்பட்டது. அன்றிரவுக்குள் அந்த உடன்பாடு முறிந்தது. ஒரு பல்கலைக்கழகம் முடிவு செய்த நியமனத்தை அதன் ரசிகர்கள் ஒரே பகலில் கவிழ்த்ததை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

அந்தக் குற்றச்சாட்டைப் பற்றி இங்கே நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனெனில் இன்றும் எனக்கு உறுத்துவது அதுதான். தொண்ணூறுகளில் பென் ஸ்டேட்டில் உதவிப் பயிற்சியாளராக இருந்த ஷியானோவுக்கு, அங்கே நடந்த சிறார் பாலியல் கொடுமை பற்றி அப்போதே தெரிந்திருந்தது என்று ஒரு வாக்குமூலம் 2016இல் வெளியானது. வாக்குமூலம் கொடுத்தவர் தான் கண்டதைச் சொல்லவில்லை. இன்னொரு பயிற்சியாளர் தன்னிடம் சொன்னதாகச் சொன்னார். அந்த இன்னொருவர் அதை மறுத்தார், ஷியானோவும் மறுத்தார், அவர்மீது எந்த வழக்கும் பதிவாகவில்லை. ரசிகர்களில் பலர் உண்மையான தார்மீகக் கோபத்தோடுதான் பேசினார்கள் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் ரட்கர்ஸில் பதினோரு பருவங்களில் 68 வெற்றி, 67 தோல்வி, தொழில்முறை அணி ஒன்றில் இரண்டே பருவங்களில் பதவி நீக்கம், அந்த மாதமே அயோவாவிடம் ஒஹாயோ ஸ்டேட் 55 புள்ளிகளை விட்டுக்கொடுத்த ஆட்டம் ஆகியவற்றைக் காட்டி அவரை வேண்டாம் என்று சொல்வதற்கு எங்களுக்கு முழு உரிமை இருந்தது. அந்தக் காரணங்களின் வலிமை போதாது என்று தோன்றியபோது, நிரூபிக்கப்படாத ஒன்றை ஆயுதமாக எடுத்தவர்களும் எங்கள் கூட்டத்தில் இருந்தார்கள். அன்று நானும் ஷியானோ வேண்டாம் என்ற பக்கத்தில்தான் இருந்தேன். பாறையில் எழுதியதைத் தவறு என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மனிதரின் பெயரை அப்படி எழுதுவது ஆட்டத்தைப் பற்றிய விவாதம் ஆகாது என்று அன்றே சொல்லியிருக்கவேண்டும்.

தடுத்த பிறகு என்ன நடந்தது என்பதில்தான் உங்கள் முதல் கேள்விக்கான விடையின் மறுபாதி இருக்கிறது. ஒக்லஹோமா ஸ்டேட்டின் மைக் கண்டி வரவில்லை. பர்டூவின் ஜெஃப் ப்ராம் பெயர் ஒரு நாள் முழுக்க அடிபட்டு மறைந்தது. நார்த் கேரலைனா ஸ்டேட்டின் டேவ் டோரன் தம் பழைய இடத்திலேயே புதிய ஒப்பந்தம் பெற்றுக்கொண்டு தங்கிவிட்டார். இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும்: ஒரு பயிற்சியாளரின் பெயர் இன்னோர் அணியின் தேடலில் அடிபட்டாலே அவருடைய முகவருக்குப் பேரம் பேசும் வலு கூடிவிடுகிறது. ரசிகர்கள் ஆர்வத்தோடு பரப்பும் வதந்திகளில் ஒரு பங்கு அப்படிப்பட்ட பேரத்துக்கு எரிபொருளாகப் போகிறது. கடைசியில் கரி, ரசிகர்களில் பெரும்பாலோர் மகிழ்ந்திருக்கக்கூடிய வாஷிங்டன் ஸ்டேட் பயிற்சியாளர் மைக் லீச்சைச் சந்திக்கப் போயிருந்த வேளையில் திரும்ப அழைக்கப்பட்டு, டிசம்பர் 1 அன்று பதவியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். அவருடைய இடத்துக்கு வந்தவர் அதே பழைய ஃபுல்மர். ஆக, எங்கள் எதிர்ப்பு நியமனத்தைத் தடுத்தது. ஆனால் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் எங்கள் கைக்கு வரவில்லை, உள்ளே ஏற்கெனவே இருந்த செல்வாக்குள்ளவர்களின் கைக்குப் போனது.

ஃபுல்மர் தேர்ந்தெடுத்தவர் அலபாமாவின் தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் ஜெரமி ப்ரூயிட். ஊர் பெருமூச்சு விட்டது. தென்மாநிலத்துக்காரர், பட்டம் வென்ற அணிகளில் இருந்தவர், பள்ளி வீரர்களைச் சேர்ப்பதில் வல்லவர் என்று நாங்கள் அமைதியடைந்தோம். மூன்று பருவங்களில் 16 வெற்றி, 19 தோல்வி. 2021 ஜனவரியில், வீரர் சேர்ப்பில் நடந்த விதிமீறல்களைக் காரணம் காட்டி அவர் நீக்கப்பட்டார். கல்லூரி விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 2023இல் பல்கலைக்கழகத்துக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் விதித்தது.

ரசிகர்களின் விருப்பமே நிறைவேறியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். அதே 2017 டிசம்பரில் நெப்ராஸ்காவில் அது நடந்தது. ஸ்காட் ஃப்ராஸ்ட் அந்த மாநிலத்தின் பிள்ளை. 1997இல் தேசியப் பட்டத்தைப் பகிர்ந்துகொண்ட அணியின் க்வார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர். 2015இல் ஓர் ஆட்டத்தில்கூட வெல்லாத சென்ட்ரல் ஃப்ளோரிடா அணியை இரண்டே ஆண்டுகளில் தோல்வியே இல்லாத அணியாக மாற்றியவர். ஒருமனதான தேர்வு என்றால் அதுதான். நாக்ஸ்வில்லில் நாங்கள் அந்த மாநிலத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டோம். ஃப்ராஸ்ட் அங்கே 16 வெற்றி, 31 தோல்வி என்ற கணக்கோடு 2022 செப்டம்பரில் நீக்கப்பட்டார். மூன்று வாரம் பொறுத்திருந்தால் பாதியாகக் குறைந்திருக்கக்கூடிய இழப்பீட்டை, ஏறக்குறைய ஒன்றரைக் கோடி டாலரை, முழுதாகக் கொடுத்தே அனுப்பினார்கள்.

ஃப்ராஸ்ட் போனதால் காலியான சென்ட்ரல் ஃப்ளோரிடா இடத்துக்கு, அங்கே விளையாட்டுத் துறை இயக்குநராக இருந்த டேனி வைட் நியமித்தவர் ஜாஷ் ஹைப்பல். 2021 ஜனவரியில் டென்னசி முதலில் டேனி வைட்டைக் கொண்டுவந்தது. அவர் சில நாட்களிலேயே ஹைப்பலை அழைத்துவந்தார். 'தெரிந்தவரையே கூட்டி வந்துவிட்டார்' என்று ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. சென்ட்ரல் ஃப்ளோரிடாவில் ஹைப்பலின் மூன்று பருவங்களில் வெற்றிகள் 12, 10, 6 என்று இறங்கி வந்திருப்பதைக் காட்டி, இவர் முன்னவர் விட்டுச்சென்ற வீரர்களை வைத்தே வென்றவர் என்று நானும் நண்பர்களிடம் உறுதியாக வாதாடினேன். கடைசிப் பருவம் கொரோனாக் காலத்தில் பத்தே ஆட்டங்களோடு முடிந்தது என்பதை நான் கணக்கில் எடுக்கவேயில்லை. ஹைப்பலின் அணி 2022 அக்டோபர் 15 அன்று அலபாமாவை 52-49 என்று வென்றது. 2006க்குப் பிறகு அந்த அணியை நாங்கள் வென்றது அன்றுதான். மேல்தட்டு இருக்கையிலிருந்து இறங்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் கோல் கம்பங்களைப் பிடுங்கிய கூட்டம் அவற்றைத் தோளில் சுமந்து டென்னசி ஆற்றை நோக்கிப் போய்விட்டது.

எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் விடை இது. ரசிகர்கள் பெரும்பாலும் மூன்று அடையாளங்களை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்: பெரிய பெயர், சொந்த ஊர்ப் பாசம், சென்ற பருவத்தின் வெற்றிக் கணக்கு. இவை எதுவும் பொய்யல்ல. ஆனால் தலைமைப் பயிற்சியாளரின் அன்றாட வேலை இவற்றில் தெரியாது. அவர் யாரை உதவியாளர்களாக வைத்துக்கொள்கிறார், தாக்குதல் ஆட்டத்துக்கு அவரிடம் தனக்கென ஒரு முறை இருக்கிறதா, தன்னிடம் வந்து சேர்ந்த இளைஞர்கள் இரண்டாண்டில் எவ்வளவு தேறினார்கள் என்பவை பொதுவெளியில் கிடைக்கும் செய்திகள்தான். பொறுமையாகத் தேடினால் எந்த ரசிகரும் பார்க்கலாம். அலபாமாவே 2006இல் ரிச் ராட்ரிகஸை அழைத்து அவர் மறுத்த பிறகுதான் நிக் சேபனைப் பெற்றது, சேபன் அங்கே ஆறு தேசியப் பட்டங்கள் வென்றார் என்பதை நினைத்துப் பார்த்தால், பட்டியலில் முதலிடத்துப் பெயர் நழுவியதற்காக ஊரே துக்கம் கொண்டாட வேண்டியதில்லை என்பது விளங்கும்.

உங்கள் அணிக்கு இப்போது தேடல் நடக்கிறதென்றால், வேட்பாளர்களைப் பார்ப்பதற்கு முன் தேடுபவரைப் பாருங்கள் என்பேன். அவர் இதற்கு முன் யாரை நியமித்தார், அந்த நியமனங்கள் எப்படி முடிந்தன, அறங்காவலர்களும் பெரிய நன்கொடையாளர்களும் அவருக்குப் பின்னால் ஒன்றாக நிற்கிறார்களா, டிசம்பரில் பள்ளி வீரர்கள் கையெழுத்திடும் நாள் நெருங்கும் பதற்றத்தில் அவர் அவசரப்படுகிறாரா என்று கேளுங்கள். அந்த முன்கூட்டிய கையெழுத்து வாரம் முதன்முதலாக நடைமுறைக்கு வந்ததே 2017இல்தான். அந்த அவசரமும் எங்கள் குழப்பத்தில் கலந்திருந்தது. ஷியானோவுடனான ஒப்பந்த முன்வரைவு பின்னர் வெளியானபோது, அதில் கரியின் கையெழுத்தும் ஷியானோவின் கையெழுத்தும் இருந்தன. பல்கலைக்கழக வேந்தர் கையெழுத்திடவேண்டிய இடம் வெற்றாக இருந்தது.