மலைக் கிராமங்களுக்கு மனநல சிகிச்சை: நிதிக்கு யாரை அணுகுவது?

கேள்வி: ஏற்காட்டு மலைக் கிராமங்களில் மனநோய்க்கு மருந்து உட்கொள்வோர் பலர், சேலம் சென்றுவர இயலாமல் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடுகின்றனர். எங்கள் மகளிர் சுயஉதவிக் குழு இதில் பங்கேற்க நிதி கிடைக்குமா?
- வாசகி, ஏற்காடு

பதில்: கிடைக்கும், அம்மா. ஆனால் நிதிக்கு முன் அரசிடம் உரிமையோடு கேளுங்கள். அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநல சேவையைப் பெறும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொருவருக்கும் வழங்கியிருக்கிறது. அரசின் மாவட்ட மனநலத் திட்டத்தைச் சேர்ந்த மருத்துவக் குழுவின் முகாம் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குறித்த நாளில் நடைபெற வேண்டுமென மாவட்ட ஆட்சியரிடம் மனு அளியுங்கள்.

நிதிக்கு முக்கியமான வழி, பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவை எட்டிய நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு. இப்பணத்தை உங்கள் குழு நேரடியாகப் பெறுவது கடினம் என்பதால், அதற்கெனப் பதிவு பெற்ற, மூன்றாண்டு அனுபவமுள்ள அறக்கட்டளையோடு எழுத்துப்பூர்வ உடன்படிக்கை செய்துகொள்ளுங்கள்.

கட்டடம் கேட்காதீர்கள். வீடுதேடிச் செல்லும் உள்ளூர்ப் பெண்ணுக்கு ஊதியம், பயிற்சி, நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் பேருந்துக் கட்டணம் ஆகியவற்றைக் கேளுங்கள்; மருந்து நின்றுபோவது பெரும்பாலும் இவை இல்லாமையால்தான் என்பது என் உறுதியான கருத்து. நிதி வரும்வரை, அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.