பின்னாடி நிக்கிற ஆளு: இந்த வாரக் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு கேள்விக்கு பதில் சொல்றப்போ போற போக்குல வியாச்செஸ்லாவ் ஃபெடிசோவ்னு ஒரு ரஷ்ய ஐஸ் ஹாக்கி வீரர் பேர சொல்லியிருந்தேன். அவ்ளோதான், அதுக்கப்புறம் வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாத்துலயும் அவரு பேச்சுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு பக்கத்துலருந்தும் வந்திருக்கு. அதனால இந்த வாரம் முழுக்க அவருக்கே விட்டுட்டேன்.

என் பையன் ஒம்பதாவது படிக்கிறான், ஸ்கூல் ஹாக்கி டீம்ல இருக்கான். பி.இ.டி. சார் அவன பேக்ல, அதாவது பின்னாடி நின்னு தடுக்கற எடத்துல போட்டுட்டாரு. கோல் போடற பசங்க பேரத்தான் ப்ரேயர்ல படிக்கிறாங்க, என் பேரு எப்பவுமே வராதுன்னு சொல்லி சாப்பிடாம படுத்துக்கறான். நீங்க சொன்ன ஃபெடிசோவும் பேக்தானாமே, அவரு கதைய விவரமா எழுதுங்க சார், படிச்சுக் காட்டணும்.
(வாசகர், காவேரிப்பட்டணம்)

தம்பிகிட்ட மொதல்ல இத சொல்லுங்க. ஃபெடிசோவ் வாழ்நாள் முழுக்க டிஃபென்ஸ்மேன், அதாவது நம்ம பாஷையில பேக்கு. 1958 ஏப்ரல் 20 மாஸ்கோவுல பிறந்தாரு. அங்க சிஎஸ்கேஏன்னு ராணுவத்தோட கிளப், சின்ன வயசுலயே அதுல சேர்ந்து ஆடி வளந்தவரு, பின்னாடி அந்த டீமுக்கும் சோவியத் நாட்டு டீமுக்கும் ரெண்டுக்குமே கேப்டன் ஆனாரு. 1978ல உலக சாம்பியன்ஷிப்ல சோவியத் ஜெயிச்சப்போ அவருக்கு 20 வயசுதான், அந்தப் போட்டியிலயே சிறந்த டிஃபென்ஸ்மேன்னு அவரத்தான் எடுத்தாங்க. அதுக்கப்புறம் 1982, 1985, 1986, 1989னு இன்னும் நாலு தடவ அதே பட்டம். உலக சாம்பியன்ஷிப் தங்கம் மட்டும் 7. ஒலிம்பிக்ல 1984 சரயேவோ, 1988 கால்கரி ரெண்டுலயும் தங்கம். 1980ல மட்டும் அமெரிக்காவோட காலேஜ் பசங்க டீம்கிட்ட 4-3ன்னு தோத்து வெள்ளியோட திரும்பினாங்க, அந்தத் தோல்விய இன்னிக்கும் அமெரிக்கால கொண்டாடறாங்க.

இதுல தம்பி கவனிக்க வேண்டிய விஷயம் வேற ஒண்ணு இருக்கு. பேக்குன்னா பந்த தடுத்து எங்கயோ தூக்கி அடிச்சுட்டா வேல முடிஞ்சுதுன்னு நம்ம பசங்க நெனச்சுக்கறாங்க. ஃபெடிசோவ் அப்படி ஆடலீங்க. எதிராளிகிட்டருந்து பிடுங்கின உடனே தலைய தூக்கிப் பாப்பாரு, யாரு காலியா ஓடறாங்கன்னு கண்ணு தேடும், அங்க நேரா பாஸ் போவும், சில சமயம் பாஸே குடுக்காம தானே எடுத்துக்கிட்டு எதிர் கோல் வரைக்கும் போயிருவாரு, அவரு விட்டுட்டு வந்த எடத்த இன்னொருத்தர் வந்து காப்பாத்துவாரு. சோவியத் லீக்ல மட்டும் 150க்கு மேல கோல் போட்டிருக்காரு, பேக்கா இருந்துகிட்டே! ஆனா கோல் கணக்க வச்சு யாரும் அவர பெரிய ஆளுன்னு சொல்லல. ஃபெடிசோவ், காசதோனோவ் ரெண்டு பேரு பின்னாடி, க்ருதோவ், லரியோனோவ், மகரோவ் மூணு பேரு முன்னாடி, இந்த அஞ்சு பேரும் ஒண்ணா எறங்கினா ஒரே ஆளு அஞ்சு உடம்புல ஆடற மாதிரி இருக்கும். 1981ல கனடா கப் ஃபைனல்ல கனடாவையே அவங்க மண்ணுலயே 8-1ன்னு அடிச்சாங்க. ஐஸ் ஹாக்கின்னா கனடாக்காரங்களுக்கு உசுரு, அவங்களுக்கு அந்த ராத்திரி எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

பி.இ.டி. சார் தம்பிய பேக்ல போட்டது தண்டனையா இருக்காதுன்னுதான் எனக்குத் தோணுது. பின்னாடி நிக்கிறவனுக்குத்தான் மொத்த கிரவுண்டும் கண்ணுல தெரியும், அத படிக்கத் தெரிஞ்ச பையனத்தான் அங்க நிறுத்துவாங்க. ஒரு வேல பண்ணுங்க. அடுத்த மேட்சுக்கு நீங்களே போங்க, தம்பி எத்தன தடவ பந்த பிடுங்கினான், அதுல எத்தன பாஸ் நம்மாளுகிட்ட சரியா போச்சுன்னு ஒரு பேப்பர்ல கோடு போட்டு வைங்க, ராத்திரி சாப்பாட்டு நேரத்துல அத எடுத்துக் காட்டுங்க.

ஐஸ் ஹாக்கிக்கும் நம்ம ஹாக்கிக்கும் என்ன வித்தியாசம்? பந்து எப்படி இருக்கும்?
(கல்லூரி மாணவி, தர்மபுரி)

பந்தே கெடையாதும்மா. பக்குன்னு சொல்ற கறுப்பு ரப்பர் வட்டம். 3 இன்ச் அகலம், 1 இன்ச் தடிமன், எடை 160, 170 கிராம்கிட்ட வரும். காவேரிப்பட்டணம் நிப்பட்ட அஞ்சு எடுத்து ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கினா கையில எப்படி இருக்குமோ கிட்டத்தட்ட அந்த உருவம்தான், ஆனா கல்லு மாதிரி கெட்டி. ஐஸ் மேல துள்ளாம வழுக்கணும்னு மேட்சுக்கு முன்னாடி அத ஃப்ரீசர்ல போட்டு வச்சிருப்பாங்க. நல்லா அடிக்கிறவன் அடிச்சா மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல வரும், அதுக்கு முன்னாடி போயி உடம்ப குறுக்க போடறதும் டிஃபென்ஸ்மேன் வேலையில ஒண்ணு.

ஒரு நேரத்துல ஒரு டீமுக்கு 6 பேரு, கோல்கீப்பர சேத்து. அதுல டிஃபென்ஸ் 2 பேரு. 20 நிமிஷம் வீதம் 3 பகுதியா ஒரு மேட்ச். ஒரு ஆளு ஒரு நிமிஷத்துக்குள்ளயே ஆடிட்டு வெளிய வந்துடுவான், வேற ஆளு உள்ள குதிப்பான், ஆட்டத்த நிறுத்தாமலே இது நடக்கும், அவ்ளோ மூச்சு வாங்கற ஆட்டம் அது. தப்பு பண்ணினா 2 நிமிஷம் தனியா ஒரு கூண்டுல போயி உக்காரணும், அதுவரைக்கும் அவன் டீம் ஒரு ஆளு கம்மியாத்தான் ஆடணும்.

நம்ம நாட்டுல லடாக்தான் இதுக்குப் பேரு போன எடம், குளிர்ல உறைஞ்ச குளத்துலயே ஆடறாங்க. 2025ல நம்ம பொண்ணுங்க டீம் ஆசியக் கோப்பையில வெண்கலம் வாங்கினாங்க, அதையும் தேடிப் பாரும்மா.

அவ்ளோ பெரிய ஆட்டக்காரர் அமெரிக்காவுக்குப் போறதுக்கு அவங்க கவர்மென்ட்கிட்டயே சண்ட போட்டாருன்னு எழுதியிருந்தீங்க. மத்தவங்க மாதிரி ஓடிப்போயிருக்கலாமே, ஏன் போகல?
(கம்பெனித் தொழிலாளி, ஓசூர்)

இந்தக் கேள்விக்காகத்தான் நான் அவரு பேரையே எடுத்தேன், கேட்டதுக்கு நன்றிங்க.

சிஎஸ்கேஏ ராணுவ கிளப்புன்னு சொன்னேன்ல, அதுல ஆடறவங்களுக்கு ராணுவ பதவி உண்டு, ஃபெடிசோவும் அதிகாரி. அதனால கிளப்ப விடணும்னா ராணுவமே விடணும். கோச் விக்டர் திகோனோவ். வருஷத்துல ஏறக்குறைய 11 மாசம் அர்ஹாங்கல்ஸ்கோயேங்கற எடத்துல கேம்ப்ல அடைஞ்சு கெடக்கணும், கல்யாணம் ஆனவங்களும்தான், பொண்டாட்டி புள்ளைய பாக்கறதுக்கு நாள் எண்ணிக்கிட்டு இருக்கணும். ஓசூர்ல ஷிப்டு முடிஞ்சு ரூமுக்குப் போயி ஊருக்கு போன் போடற உங்களுக்கு அது என்னன்னு நான் சொல்லத் தேவையில்ல.

அமெரிக்கால நியூ ஜெர்சி டெவில்ஸ் டீம் 1983லயே அவர ட்ராஃப்ட்ல, அதாவது புது ஆளுங்கள டீமுங்க வரிசையா பங்கு போட்டுக்கற முறையில, எடுத்து வச்சிருச்சு. ஒலிம்பிக் தங்கம் ஜெயிச்சா அனுப்பறோம்ங்கற மாதிரி பேச்சு இருந்துது, 1988ல ஜெயிச்சும் குடுத்தாரு, அப்பறம் அனுப்பல. ரகசியமா தப்பிச்சுப் போற வழியும் இருந்துது, மாட்டேன்னுட்டாரு. சம்பளத்துல பெரும்பங்க அரசாங்கத்துக்குக் குடுத்துட்டுப் போன்னாங்க, அதுக்கும் மாட்டேன்னுட்டாரு. என் உழைப்பு என்னுது, முறையா பாஸ்போர்ட் குடுத்து அனுப்புங்கன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. ஓடிப்போனா பின்னாடி வர்றவனுக்கு கதவு இன்னும் இறுகும், அவரு நின்னதாலதான் அது தொறந்துதுன்னு நான் நெனைக்கிறேன்.

அவருக்கு முன்னாடியே லரியோனோவ் 1988 அக்டோபர்ல ஒகோனியோக்ங்கற வாரப் பத்திரிகையில கோச்சுக்கு வெளிப்படையா ஒரு கடிதம் எழுதினாரு, வீரர்கள அடிமை மாதிரி நடத்தறீங்கன்னு அதுல விளாசியிருந்தாரு. பத்திரிகையில இருக்கற எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். 1989 தொடக்கத்துல ஃபெடிசோவும் இனி திகோனோவ் கீழ ஆடமாட்டேன்னு வெளிய வந்துட்டாரு. நேத்து வரைக்கும் நாடே தூக்கி வச்சு ஆடின கேப்டனுக்கு பிராக்டிஸ் பண்ணக்கூட எடம் கெடைக்கிறது கஷ்டமாப் போச்சு. அப்போ கூட ஆடினவங்க சிலர் டிவியில வந்து, அவரில்லாம நாங்க உலக சாம்பியன்ஷிப்புக்குப் போகமாட்டோம்னு சொன்னாங்க, அந்தக் காலத்து சோவியத்துல! திரும்ப சேத்தாங்க, ஸ்டாக்ஹோம்ல தங்கம் அடிச்சாங்க, அந்த வருஷமே அவரும் லரியோனோவும் க்ருதோவும் மகரோவும் முறையா அனுமதி வாங்கிக்கிட்டு அந்தப் பக்கம் போனாங்க.

அங்க போயி ஜெயிச்சாரா?
(வாசகர், பாலக்கோடு)

உடனே இல்லீங்க. போறப்போ 31 வயசு, பாஷை தெரியாது, ஆட்டமே வேற மாதிரி, ரஷ்யாக்காரன்னு வேணும்னே முட்டித் தள்ளினாங்க. 1995 ஏப்ரல்ல டெட்ராய்ட் ரெட் விங்ஸுக்கு மாத்தினாங்க, அங்கதான் மறுபடி பூத்தாரு. ஸ்காட்டி போமன்ங்கற கோச்சு 1995 அக்டோபர் 27ம் தேதி கால்கரிக்கு எதிரா ஃபெடிசோவ், லரியோனோவ், கான்ஸ்டான்டினோவ், ஃபெதோரோவ், கோஸ்லோவ்னு அஞ்சு ரஷ்யாக்காரங்கள ஒண்ணா எறக்கினாரு, 3-0ன்னு ஜெயிச்சாங்க. 1997ல ஸ்டான்லி கோப்பை, அதாவது அமெரிக்கா, கனடா டீமுங்க ஆடற லீக்கோட பெரிய கோப்பை, 1998ல மறுபடியும். 1997ல கேப்டன் ஐசர்மன் கோப்பைய ஃபெடிசோவ் கையில குடுத்தப்போ அவரு தனியா தூக்கிக்கிட்டுப் போகல, லரியோனோவ கூப்பிட்டு ரெண்டு பேருமா சேந்து தூக்கிக்கிட்டு ஐஸ சுத்தி வந்தாங்க. அந்த வீடியோவ நான் எத்தன தடவ பாத்தேன்னு கணக்கே இல்ல. அந்த ஆகஸ்ட்லயே கோப்பை மாஸ்கோ செஞ்சதுக்கம் வரைக்கும் போச்சு.

1998ல ஓய்வு, 2001ல ஹாக்கி ஜாம்பவான்கள கௌரவிக்கற ஹால் ஆஃப் ஃபேம்ல எடம், 2002ல ரஷ்ய டீம் கோச்சா ஒலிம்பிக் வெண்கலம். அப்பறம் விளையாட்டுத் துறைக்குத் தலைமை, அரசியல். 2009 டிசம்பர்ல தன்னோட 51வது வயசுல சிஎஸ்கேஏவுக்காக மறுபடி ஒரே ஒரு மேட்ச் எறங்கி ஆடினாரு.

என் தம்பி வண்டி ஓட்டறப்போ தொப்பூர்கிட்ட விபத்தாகி, பின்னாடி உக்காந்திருந்த அவன் ஃப்ரெண்டு போயிட்டான். எட்டு மாசம் ஆச்சு. வேலைக்குப் போறதில்ல, யார்கூடயும் பேசறதில்ல, நான்தான் கொன்னுட்டேன்னு சொல்றான். ஃபெடிசோவுக்கும் இப்படி ஒண்ணு நடந்துதுன்னு தம்பியோட ஃப்ரெண்டு ஒருத்தன் சொன்னான். நெசமா?
(ஒரு அக்கா, நல்லம்பள்ளி பக்கம்)

நெசம்தான் அக்கா. 1985ல ஃபெடிசோவ் ஓட்டின கார் விபத்துல சிக்கி, கூட வந்த அவரோட சொந்தத் தம்பி அனடோலி இறந்துட்டாரு. அவரும் ஹாக்கி ஆடற பையன். அண்ணனுக்கு அந்த நேரத்துல ஆட்டமே வேணாம்னு ஆயிருச்சு, அதுலருந்து மெல்ல மெல்லத்தான் எழுந்தாரு.

அதோட முடியல. 1997ல கோப்பை ஜெயிச்ச ஆறாவது நாளு, ஜூன் 13, விருந்து முடிஞ்சு நம்ம ஓட்ட வேணாம்னு வாடகைக்கு டிரைவரோட லிமோசின் எடுத்துக்கிட்டுத்தான் வந்தாங்க, டெட்ராய்ட் பக்கத்துல அந்த வண்டி ரோட்ட விட்டு எறங்கி மரத்துல மோதிருச்சு. ஃபெடிசோவுக்கு நெஞ்சுல அடி, பொழைச்சுட்டாரு. கூட பின்வரிசையில ஆடின கான்ஸ்டான்டினோவும், டீம் மசாஜ் பண்ற ம்னாட்சகனோவும் தலையில பலமா அடிபட்டு கோமாவுக்குப் போயிட்டாங்க, ரெண்டு பேரு வாழ்க்கையும் அதோட மாறிப்போச்சு. ஒரே மனுஷனுக்கு ரெண்டாவது தடவ.

அடுத்த சீசன் முழுக்க அந்த டீம் சட்டையில ரெண்டு பேரோட முதல் எழுத்தையும் தச்சு, நம்புவோம்ங்கற வார்த்தைய இங்கிலீஷ்லயும் ரஷ்யன்லயும் போட்டுக்கிட்டு ஆடினாங்க. ஃபெடிசோவ் 39 வயசுல திரும்பி வந்து ஆடினாரு. 1998 ஜூன் 16 ராத்திரி மறுபடி கோப்பை ஜெயிச்சப்போ கான்ஸ்டான்டினோவ வீல்சேர்ல ஐஸ்மேலயே கொண்டாந்து, கோப்பைய அவரு மடியில வச்சு, கூட ஆடினவங்க தள்ளிக்கிட்டு சுத்தி வந்தாங்க.

தொப்பூர் கணவாய் எனக்கு சின்ன வயசுலருந்து தெரிஞ்ச ரோடு. அங்க தம்பி மாதிரி எத்தனையோ பேரு வண்டிய விட்டிருக்காங்க. நடந்தது விபத்துன்னு அவனுக்கு நீங்க நூறு தடவ சொல்லியிருப்பீங்க, அவன் காதுல ஏறாது, அது அவன் பிடிவாதம் இல்ல, மனசுல பட்ட காயம் அப்படித்தான் வேல செய்யும். எட்டு மாசங்கறது சும்மா விடற நாள் இல்ல அக்கா. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. வரமாட்டேன்னா மொதல்ல நீங்க 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ், காசு இல்ல, ராத்திரி பகல்னு எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். 104ம் இருக்கு. செத்துப்போறேங்கற பேச்சு ஒரு தடவ வந்திருந்தாலும் அவன தனியா விடாதீங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க.

அந்த ஃப்ரெண்டு வீட்டுக்கு தம்பி இதுவரைக்கும் போனானான்னு நீங்க எழுதல. போகலன்னா இப்பவே தள்ளிவிட வேணாம், டாக்டர்கிட்ட கேட்டுட்டு, அந்த வீட்டுல பெரியவங்ககிட்ட நீங்க முன்னாடி ஒரு தடவ பேசிட்டு, அப்பறம் கூட்டிக்கிட்டுப் போங்க. என்ன ஆச்சுன்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க, பத்திரிகையில போடமாட்டேன்.