பால் மறந்த பன்றிக்குட்டிக்குக் கழிச்சல்: மருந்துக்குப் பதில் தீவனத்தில் என்ன கலப்பது?

கேள்வி: 30 நாளில் தாயிடமிருந்து பிரிக்கும் குட்டிகளுக்கு ஒரு வாரத்துக்குள் கழிச்சல் வந்துவிடுகிறது. தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்கும் வரை நன்றாக இருக்கின்றன, நிறுத்தினால் திரும்பவும் அதே கதை. மாற்றாக எதைக் கலக்கலாம்?

பதில்: கழிச்சல் ஏன் சரியாக அந்த வாரத்தில் வருகிறது தெரியுமா? பால் குடிக்கிற வரை, பாலில் இருக்கும் சர்க்கரையை நல்ல பாக்டீரியாக்கள் புளிக்கவைப்பதால் குட்டியின் வயிறு புளிப்பாகவே இருக்கும். பால் நின்றதும் அந்தப் புளிப்பு குறைகிறது, சொந்தமாகப் போதிய அமிலம் சுரக்க வயிறு இன்னும் பழகவில்லை, அந்த இடைவெளியில்தான் கழிச்சலை உண்டாக்கும் ஈ.கோலை கிருமி சாகாமல் குடல் வரை போய்விடுகிறது.

அதனால் நான் முதலில் சொல்வது அமிலம்தான். கிலோ தீவனத்துக்கு 10 முதல் 20 கிராம் சிட்ரிக் ஆசிட், பிரித்த நாளிலிருந்து இரண்டு, மூன்று வாரம். ஆனால் அதே தீவனத்தில் கால்சியத்துக்காகச் சேர்க்கும் சுண்ணாம்புத்தூளை அள்ளிப் போட்டால் அது அமிலத்தை முறித்துவிடும், போட்ட காசு வீண். அந்த நாட்களில் சுண்ணாம்பைக் குறையுங்கள், அடியோடு நிறுத்த வேண்டாம். சோயா புண்ணாக்கையும் குறைத்து, புரதத்தை 18 சதவீதத்துக்குள் வைத்து, குறையும் சத்தை ஈடுகட்ட லைசின் என்ற அமினோ அமிலம் சேருங்கள். செரிக்காமல் மிஞ்சும் புரதம் கெட்ட கிருமிக்குத்தான் தீனி.

புரோபயாட்டிக் (தீவனத்தில் கலக்கும் நல்ல பாக்டீரியா) வாங்கினால் பேசில்லஸ் வகையா என்று கேட்டு வாங்குங்கள், அது சூட்டைத் தாங்கும். லாக்டோபேசில்லஸ் வகையைச் சூடான கஞ்சியில் கலந்தால் செத்துவிடும். ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுத்தாலும் பெரும்பாலும் அப்படித்தான்.

ஜிங்க் ஆக்சைடு கழிச்சலை நிறுத்தும், உண்மை. ஆனால் அதற்குக் கிலோவுக்கு 2.5 முதல் 3 கிராம் வரை தேவை, பெரும்பகுதி சாணத்தோடு மண்ணில் சேர்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் அந்த அளவுக்குத் தடை போட்டுவிட்டது. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் பக்கம் போகவே வேண்டாம், மனிதர்களுக்கு வேறு மருந்து கேட்காதபோது கடைசியாகக் கொடுப்பது அது, கால்நடைகளுக்குக் கொடுக்க இந்தியாவில் 2019-லேயே தடை.

இன்னொன்று, 30 நாளில் பிரித்தே ஆக வேண்டுமா? வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை ஸ்வீடன் 1986-ல் தடை செய்தபோது அங்கேயும் முதலில் கழிச்சல் கூடியது. குட்டிகளைத் தாமதமாகப் பிரித்து, புரதத்தைக் குறைத்து, கொட்டிலைச் சுத்தமாக வைத்துத்தான் அதைச் சமாளித்தார்கள். உங்களால் முடிந்தால் 42 நாள் வரை தாயோடு விடுங்கள், 14-ம் நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டித் தீவனம் வையுங்கள்.

சரி, இதெல்லாம் வராமல் தடுக்க. ஏற்கனவே கழிச்சலில் துவண்டு கிடக்கும் குட்டிக்கு அமிலம் மருந்தாகாது. அதைத் தனியாகப் பிரித்து, கதகதப்பாக வைத்து, உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்து, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் ஆன்டிபயாடிக் எழுதினால் அந்தக் குட்டிக்கு மட்டும், சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள்.