‘பிளஞ்ச்’ என்று வந்தால் எல்லாமே ‘கடும் சரிவு’தானா?

கேள்வி: தமிழ்ச் செய்தித் தளம் ஒன்றில் மொழிபெயர்ப்பு வேலையில் சேர்ந்திருக்கிறேன். ஆங்கிலச் செய்தி ஏஜென்சிகள் அனுப்பும் செய்திகளில் ‘பிளஞ்ச்’ (plunge) என்ற சொல் ஓயாமல் வருகிறது. விமானம், பங்குச்சந்தை, பேருந்து, அரசியல்வாதி என்று யாரையும் அது விட்டுவைப்பதில்லை. நான் எல்லா இடத்திலும் ‘கடும் சரிவு’ என்றே போடுகிறேன். ‘பிளம்மெட்’ (plummet), ‘நோஸ்டைவ்’ (nosedive) வந்தாலும் அதேதான். இது சரியா?

பதில்: பங்குச்சந்தைச் செய்தியில் சரி. மற்ற இடங்களில் பாதிக்குப் பாதி தப்பாகப் போகும்.

ஆங்கிலத்தில் இந்த ஒரே வினை மூன்று வேலை பார்க்கிறது. ஒரு பொருள் தானாக விழுவதும் ‘பிளஞ்ச்’, ஒருவர் மனமறிந்து குதிப்பதும் ‘பிளஞ்ச்’, ஒன்றை இன்னொன்றுக்குள் அமிழ்த்துவதும் ‘பிளஞ்ச்’. தமிழில் இந்த மூன்றுக்கும் தனித்தனி வினை இருக்கிறது. அதனால் எழுதும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இறங்கியது தானாகவா, யாராவது இறக்கினார்களா? ஆங்கிலச் செய்தியாளர் இதைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். உங்களால் முடியாது.

விமானச் செய்தியில்தான் இது பெரிய வம்பு. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்கியூ321 விமானம் மியான்மர் வானில் கடும் குலுக்கலில் சிக்கியது. பயணி ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தனர். விமானம் பாங்காக்கில் தரையிறங்கியது. சில நிமிடங்களில் 6,000 அடி ‘பிளஞ்ச்’ ஆனது என்றுதான் முதலில் வந்த செய்திகள் பலவும் எழுதின. வாசித்தவர்கள் விமானம் கல்லைப் போல விழுந்ததாக நினைத்துக்கொண்டார்கள். அடுத்த வாரமே சிங்கப்பூர் விபத்துப் புலனாய்வாளர்களின் முதற்கட்ட அறிக்கை வந்தது. குலுக்கலில் விமானம் உண்மையில் இழந்த உயரம் 178 அடி, அதற்கு ஆன நேரம் 4.6 விநாடி. இருக்கைப் பட்டை போடாதவர்கள் தூக்கி எறியப்பட்டுக் காயம்பட்டது அந்த விநாடிகளில்தான். 37,000 அடியிலிருந்து 31,000 அடிக்கு வந்தது அதற்குப் பிறகு, பாங்காக்குக்குத் திருப்பும் வழியில், விமானியின் கட்டுப்பாட்டில் நடந்த சாதாரண இறக்கம்.

அந்த 6,000 அடியை நீங்கள் ‘கடும் சரிவு’ என்றோ ‘அதலபாதாளத்தில் விழுந்தது’ என்றோ எழுதியிருந்தால், விமானி செய்த வேலையை விபத்தாக்கியிருப்பீர்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும்போதும் இதே கதை நடக்கும். ஆக்ஸிஜன் முகமூடி சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும் என்பதால், மூச்சு விடக்கூடிய 10,000 அடிக்கு விமானத்தை வேகமாக இறக்குவது விமானிகளுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்கப்படும் முறை. தலைப்பில் ‘பிளஞ்ச்’ இருந்தாலும், செய்தியின் உள்ளே ‘அவசரமாக இறக்கினார்’ என்பதற்கு ஆதாரம் கிடைக்கும். கடைசிப் பத்திவரை படித்துவிட்டு வினையைத் தேர்ந்தெடுங்கள்.

பேருந்துச் செய்தியில் வேறு சிக்கல். ‘பள்ளத்தாக்கில் பிளஞ்ச் ஆனது’ என்றால் சாலையை விட்டு விலகிக் கீழே போனது என்பது மட்டும்தான் உறுதி. உருண்டதா, கவிழ்ந்ததா என்று அந்தச் சொல் சொல்வதில்லை. நம்மவர்களுக்கு ‘உருண்டு விழுந்தது’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். வேண்டாம், ‘பள்ளத்தில் பாய்ந்தது’ போதும். (அமெரிக்கச் செய்தித்தாள்களில், ஈய அச்சுக் காலத்தில், பத்தியின் அடியில் இரண்டு வரி இடம் காலியாக இருந்தால் எங்கோ ஒரு நாட்டின் ‘பஸ் பிளஞ்ச்’ செய்தியை எடுத்து அடைப்பார்கள். செய்தி அறைகளில் அது ஒரு கசப்பான நகைச்சுவையாகவே ஆகிவிட்டது.)

சந்தைச் செய்தியில் சொல் சரியாக இருந்தும் உருபு கவிழ்த்துவிடும். ஆங்கிலத்தில் ‘பிளஞ்ச்’ சொல்லுக்குப் பின்னால் ‘பை’ வந்தால் எவ்வளவு குறைந்தது, ‘டு’ வந்தால் எதுவரை வந்தது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அதற்கு முந்தைய வர்த்தக நாளில் 18.27 டாலர். ‘37.63 டாலர் சரிந்தது’ என்று எழுதினால் கணக்கே மாறிவிடும், உண்மையில் சரிந்தது 55.90 டாலர். ‘மைனஸ் 37.63 டாலருக்குச் சரிந்தது’ என்பதில் அந்தக் ‘கு’தான் எல்லாம்.

அப்புறம், புள்ளியைப் பார்த்து அடைமொழி போடாதீர்கள். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாளில், சென்செக்ஸ் சுமார் 4,390 புள்ளி இறங்கியது. 2020 மார்ச் 23 அன்று இறங்கியது சுமார் 3,935 புள்ளி. முதலாவதுதான் பெரிதாகத் தெரியும். ஆனால் சதவீதத்தில் அது 5.7, இது 13.2. ‘மளமளவென’, ‘தலைகுப்புற’ எல்லாம் இரண்டாவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மனிதர் எழுவாயாக வந்தால் பெரும்பாலும் சரிவே கிடையாது. அரசியலில் ‘பிளஞ்ச்’ ஆனார் என்றால் அரசியலில் குதித்தார். தமிழ்ப் பத்திரிகைகள் நெடுங்காலமாக எழுதிவரும் வினை அது. ‘டுக் த பிளஞ்ச்’ என்றால் தயங்கித் தயங்கி, கடைசியில் துணிந்து இறங்கிவிட்டார். வேலையை விட்டுவிட்டுக் கடை போட்டவர், நாற்பது வயதில் கல்யாணம் செய்துகொண்டவர் எல்லாம் இதில் சேர்த்தி. மின்தடையில் நகரம் ‘பிளஞ்ச்’ ஆனால் இருளில் மூழ்கியது. கத்தியை என்றால் பாய்ச்சினான்.

‘பிளம்மெட்’ இன்னும் எளிது. அது தானாக விழுவதற்கு மட்டும்தான், யாரும் எதையும் ‘பிளம்மெட்’ செய்ய முடியாது. அதனால் ‘கிடுகிடுவெனச் சரிந்தது’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். 1943 ஜனவரி 22 அன்று அமெரிக்காவின் ஸ்பியர்ஃபிஷ் ஊரில் வெப்பநிலை 27 நிமிடத்தில் 12 டிகிரி செல்சியஸிலிருந்து மைனஸ் 20-க்கு இறங்கியதே, அதற்கெல்லாம் பொருத்தமான சொல். ‘நோஸ்டைவ்’ விமானத்தைப் பற்றி வந்தால் மூக்கு கீழே பார்க்க இறங்கியது என்றே நேராக எழுதுங்கள், மதிப்பையோ விற்பனையையோ பற்றி என்றால் ‘தலைகுப்புற விழுந்தது’ பொருந்தும். ‘ஸ்லம்ப்’ (slump) மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. விழுந்து எழாமல் கிடக்கும் நிலையையும் அது குறிக்கும் என்பதால், வியாபாரச் செய்தியில் ‘மந்தம்’ என்பதே பல நேரம் சரி.

சுற்றுலாப் பக்கத்தையும் நீங்களே பார்ப்பதாக இருந்தால் ஒன்று: விடுதி விளம்பரத்தில் ‘பிளஞ்ச் பூல்’ என்று வருவது நீச்சலடிக்கும் குளமல்ல, அறையை ஒட்டி உடம்பை நனைத்து எழுவதற்கான சின்னத் தொட்டி. ‘தனி நீச்சல் குளம்’ என்று போட்டால் விருந்தினர் உங்களுக்குத்தான் கடிதம் எழுதுவார்.