பட்டாயாவில் பசித்தால்…

போன இதழில், மச்சானோடு தாய்லாந்தின் பட்டாயா போய் வந்ததை நாலு வரி எழுதினாலும் எழுதினேன், ஊரைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. வந்த கடிதமெல்லாம் சோற்றைப் பற்றித்தான். நம்ம வடசென்னை ஆட்கள் ஆயிற்றே. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெரம்பூர்: நண்பர்கள் நாலு பேர் பேக்கேஜில் போகிறோம் சார். காலை டிபனும் ராத்திரி இந்தியச் சாப்பாடும் அதிலேயே வந்துவிடுகிறது. மற்றதுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு ரூபாய்தான். போதுமா?

போதும், கடலைப் பார்த்த நாற்காலியில் போய் உட்காராமல் இருந்தால். அந்த ஊர்க் காசுக்கு பாட் என்று பேர், ஒரு பாட் சுமார் மூன்று ரூபாய் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் உங்களிடம் 160 பாட்டுக்கு மேல் இருக்கிறது. ரோட்டோரக் கடையில் ஒரு தட்டு 50லிருந்து 80 பாட். கடற்கரைச் சாலையில் சாப்பிடாமல் அதற்குப் பின்னால் இரண்டாவது ரோடு, அதையும் தாண்டி சோய் புவாகாவ் என்று உள்ளே நடக்க நடக்க விலை இறங்கிக்கொண்டே போகும் (சோய் என்றால் சந்து). எந்தக் கடை என்று குழம்ப வேண்டாம். நம்பர் போட்ட சட்டையோடு பைக் டாக்சிக்காரர்கள் எங்கே குனிந்து சாப்பிடுகிறார்களோ அங்கே உட்காருங்கள்.

முதல் நாள் காவ் மன் காய். கோழி வெந்த தண்ணீரிலேயே பொங்கிய சோறு, மேலே வேகவைத்த கோழி, பக்கத்தில் இஞ்சி மிளகாய்ச் சாறு, ஒரு கிண்ணம் சூப். காரம் வேண்டும் என்றால் கப்ராவ், அதாவது கொத்தின கறியைப் பூண்டு, மிளகாய், ஒரு கைப்பிடி இலை போட்டுப் பிரட்டி, சோற்றின் மேல் ஓரம் மொறுமொறுத்த முட்டையோடு தருவார்கள். அந்த இலை வேறொன்றுமில்லை, துளசி இனம்தான். துளசி மாடம் சுற்றுகிற என் மாமியாரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

வெயில் தாங்காவிட்டால் டெர்மினல் 21 மாலுக்குள் போய்விடுங்கள். 2018ல் திறந்தது. அதன் ஃபுட் கோர்ட்டில் ஏசியில் உட்கார்ந்து 50 பாட்டுக்குள்ளேயே நிறைய தட்டு கிடைக்கும். கவுண்டரில் பணம் கட்டிக் கார்டு வாங்கித்தான் சாப்பிட முடியும். மிச்சப் பணத்தைத் திருப்பி வாங்காமல் கிளம்பிவிடாதீர்கள், எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் அப்படித்தான் வந்தார்கள்.

காசிமேடு: நான் இருபது வருஷமாக மீன் ஏலம் எடுக்கிறவன். அங்கே மீன் விலையைக் கேட்டாலே மயக்கம் வரும் என்கிறார்கள். மீன் தின்னாமல் திரும்பி வர எனக்கு மனசு வராது. வழி சொல்லுங்கள்.

அண்ணே, முதலில் நான் ஏமாந்த கதையைக் கேளுங்கள். கடலுக்கு மேலேயே பலகை போட்டுக் கட்டிய ஒரு ஹோட்டல். மெனுவில் நண்டுக்கு நேரே 120 பாட் என்று இருந்தது. பரவாயில்லையே என்று மச்சான் தொட்டிக்குள் இரண்டு பெரிய நண்டைக் கைகாட்டிவிட்டார். அந்த 120க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் நூறு கிராம் என்று இருந்ததை பில் வந்த பிறகுதான் பார்த்தோம். ரெண்டு நண்டும் சேர்ந்து தொள்ளாயிரம் கிராம், 1,080 பாட். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, எழுதித்தான் வைத்திருந்தார்கள். கிலோவுக்கா நூறு கிராமுக்கா என்று கேட்காமல், தராசில் வைக்கச் சொல்லிப் பார்க்காமல் எதையும் கைகாட்டாதீர்கள்.

உங்களுக்கு அந்த ஹோட்டலே தேவையில்லை. பட்டாயாவின் வடக்கே நாக்லுவா என்று ஒரு பகுதி. நம் பட்டணத்துக்கு வடக்கே காசிமேடு மாதிரி அங்கே அது, பழைய மீனவர் குடியிருப்பு. டால்பின் ரவுண்டானாவில் நின்றால் சொங்தாவ் வரும், நம் ஷேர் ஆட்டோவுக்கு அண்ணன், பின்னால் இரண்டு பக்கமும் பெஞ்சு போட்ட வண்டி. பெல்லை அமுக்கினால் நிற்கும், இறங்கிய பிறகு டிரைவரிடம் சில்லறை கொடுத்தால் போதும். லான் போ மார்க்கெட் என்று சொல்லி ஏறுங்கள்.

கடலை ஒட்டிய சந்தை. தட்டுத் தட்டாக இறால், கடம்பா, மட்டி, நண்டு, உயிரோடு கிளறிக்கொண்டிருக்கும். அங்கே உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். செவுளைத் தூக்கிப் பார்ப்பதும், நண்டின் வயிற்றை அமுக்கிப் பார்ப்பதும் எல்லா ஊரிலும் ஒன்றுதான், நீங்கள் அமுக்குகிற விதத்திலேயே கடைக்கார அக்கா விலையைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லிவிடும். "தாவ்ராய்" என்றால் எவ்வளவு. வாங்கியதைப் பக்கத்திலேயே கரி அடுப்பு வைத்திருப்பவர்களிடம் கொடுத்தால் தனிக் கூலிக்குச் சுட்டோ அவித்தோ தருவார்கள். கூடவே ஒரு பையில் பச்சைச் சாறு வரும். பச்சை மிளகாய், பூண்டு, எலுமிச்சை, மீன் சாறு (ஃபிஷ் சாஸ்), கொத்தமல்லி வேர் எல்லாம் இடித்தது. சுட்ட இறாலை உரித்து, விரல் சுடச் சுட அதில் முக்கி வாயில் போட்டால் மூக்கில் ஏறும், கண்ணில் தண்ணீர் வரும், அடுத்ததைக் கை தானாக எடுக்கும். பக்கத்துப் பூங்காவில் பாயை விரித்து அந்த ஊர்க் குடும்பங்கள் அப்படித்தான் சாப்பிடுகின்றன. நாங்களும் உட்கார்ந்தோம், ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு நாள் மட்டும் நல்ல கடையில் ப்லா கபொங் கேளுங்கள். வேறொன்றுமில்லை, நம்ம கொடுவாதான். முழு மீனை ஆவியில் வேகவைத்து, எலுமிச்சைச் சாறும் பூண்டும் மிளகாயும் மேலே ஊற்றி, அடியில் நெருப்போடு கொண்டுவந்து வைப்பார்கள். மசாலா இல்லாமல் மீனா என்று நானும்தான் முகத்தைச் சுளித்தேன், கடைசியில் முள்ளோடு தலையை உறிஞ்சியதும் நான்தான்.

பழைய வண்ணாரப்பேட்டை: மகன் கூட்டிப்போகிறான். நானும் என் மாமியாரும் சுத்த சைவம். முட்டைகூடக் கிடையாது. பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

பட்டினி இல்லை அம்மா, ஆனால் கவனம் வேண்டும். வெறும் கீரை வதக்கல் என்று நினைத்து வாங்கினால் அதிலும் மீன் சாறோ சிப்பி சாஸோ இருக்கும். பப்பாளிக்காயை இடித்துச் செய்கிற சோம் தாமில் காய்ந்த இறால் கிடக்கும். வெஜ் என்று சொல்லிப் பயனில்லை, "ஜே" என்று சொல்லுங்கள். சீன வழியில் வந்த சைவம் அது, முட்டை, பால் மட்டுமில்லை, வெங்காயம் பூண்டும் கிடையாது, உங்கள் மாமியாருக்குப் பிடித்துப்போகும். ஜே கடையில் மஞ்சள் கொடி தொங்கும். அதில் சிவப்பாக உள்ள எழுத்து நம் கண்ணுக்கு 17 மாதிரி இருக்கும். செப்டம்பர் கடைசி, அக்டோபர் வாக்கில் ஒன்பது நாள் ஜே திருவிழா வரும், அப்போது போனால் தெருவெல்லாம் மஞ்சள்தான்.

சாயந்திரச் சந்தையில் குழிப்பணியாரக் கல் மாதிரி ஒன்றைப் பார்த்தால் நின்றுவிடுங்கள். கனொம் க்ரொக் என்பார்கள். அரிசி மாவை ஊற்றி, மேலே தேங்காய்ப்பால், மூடி வைத்து எடுத்தால் கீழே மொறுமொறு, நடுவில் தளதள. நம் ஆயா சுட்ட பால் பணியாரம் கடல் தாண்டிப் போய்விட்டதோ என்று தோன்றும். மாம்பழத்தோடு தேங்காய்ப்பால் சோறும் சைவம்தான், ஏப்ரல், மே என்றால் பழம் அமிர்தம்.

தினமும் இந்திய ஹோட்டல் என்றால் கையைக் கடிக்கும். ஒரு வேளை அங்கே, ஒரு வேளை அறையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் கொண்டுபோங்கள். முக்குக்கு முக்கு இருக்கிற செவன் இலெவனில் வெந்த சாதம் பாக்கெட்டில் விற்கிறது, அவர்களே சூடாக்கித் தருவார்கள். தயிரும் உண்டு, சர்க்கரை போடாததா என்று பார்த்து எடுங்கள்.

மண்ணடி: ஹலால் கிடைக்குமா?

தாராளமாக, பாய். வாக்கிங் ஸ்ட்ரீட் என்கிற ராத்திரிக் கேளிக்கைத் தெருவுக்குப் பக்கத்தில் அரபு ஹோட்டல்கள் வரிசையாக இருக்கிற தெருவே உண்டு, ஆனால் விலை கூடுதல். மலிவாக வேண்டும் என்றால் முஸ்லிம்கள் நடத்துகிற தள்ளுவண்டிகளைப் பாருங்கள். ஹலால் முத்திரை இருக்கும். காவ் மோக் காய் கேளுங்கள், மஞ்சள் சோற்றில் புதைத்த கோழி, அவர்கள் ஊர் பிரியாணி. உங்கள் வீட்டு பிரியாணியோடு ஒப்பிட்டுச் சண்டைக்குப் போக வேண்டாம். "மாய் சாய் மூ" என்றால் பன்றிக்கறி போடாதே என்று அர்த்தம், ஆனால் பொதுக் கடையில் சட்டி ஒன்றுதான்.

வியாசர்பாடி: எங்கள் தாத்தா ரங்கூனிலிருந்து வந்தவர். பீச் ஸ்டேஷன் எதிரில் விற்கிற அத்தோ (பர்மா நூடுல்ஸ்) மாதிரி அங்கே ஏதும் உண்டா?

அத்தோவே வேண்டும் என்றால் இல்லை. ஆனால் நூடுல்ஸ் கடை மேஜையில் நாலு குப்பி இருக்கும், சர்க்கரை, மீன் சாறு, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய வினிகர். புளித்தண்ணியும் மிளகாயும் அளவு சொல்லிக் கலக்கச் சொல்கிற நமக்கு அது பழகிய வேலைதான். வாழைத்தண்டு சூப்புக்கு மட்டும் ஊர் திரும்ப வேண்டும்.

தண்டையார்பேட்டை: தண்ணி எப்படி?

நீங்கள் கேட்பது குடிதண்ணீர் என்றே எடுத்துக்கொள்கிறேன். குழாய்த் தண்ணீர் வேண்டாம். தெருமுனை மெஷினில் காலி பாட்டிலை வைத்து ஒரு பாட் நாணயம் போட்டால் ஒரு லிட்டர் அளவில் வரும்.

திருவொற்றியூர்: புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். ஒரே ஒரு ராத்திரி மட்டும் செலவைப் பார்க்காமல் சாப்பிட ஆசை. எங்கே போகலாம்?

நாக்லுவாவில் கடலோரமாக மும் அரோய் என்று ஒரு பெரிய கடை, ஊர்க்காரர்களும் குடும்பத்தோடு வருகிற இடம். ஆறு மணிக்கு முன்பே போய்விடுங்கள். நம் கடலில் சூரியன் உதிக்கத்தான் பார்த்திருக்கிறீர்கள், அங்கே கடலுக்குள் இறங்கும். ரெண்டு பேருக்கு 1,500 பாட் எடுத்துக்கொண்டு போங்கள். பெரிய ஹோட்டல்களில் மெனு விலைக்கு மேல் 10 சதவீதம் சர்வீஸ், 7 சதவீதம் வரி சேர்ப்பார்கள், அதையும் மனசில் வைத்துக்கொண்டு ஆர்டர் பண்ணுங்கள்.

கொருக்குப்பேட்டை: வரும்போது துரியன் பழம் வாங்கி வரலாமா?

ஹோட்டல் அறைக்குள்ளேயே விட மாட்டார்கள், வாசலில் படம் போட்டுக் குறுக்கே கோடு இழுத்திருக்கும். மே, ஜூனில் போனால் வண்டிக்காரரிடம் சுளையாக வாங்கி, நின்ற இடத்திலேயே தின்று, கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள்.