பழைய லென்ஸ், பூஞ்சை, வெட்டிய படம்: கேள்வி பதில்

கேள்வி: என் தந்தை பயன்படுத்திய ஹீலியாஸ் 44-2 லென்ஸை நிக்கான் டிஎஸ்எல்ஆரில் பொருத்தினால் தொலைவில் உள்ள எதுவும் தெளிவடைவதில்லை. லென்ஸ் பழுதாகிவிட்டதா?

பதில்: லென்ஸில் பழுது ஏதும் இல்லை. உங்கள் ஹீலியாஸ் போன்ற எம்42 என்னும் திருகு வகை லென்ஸ்கள், அவை பொருந்தும் விளிம்பிலிருந்து 45.46 மி.மீ. தொலைவில் ஃபிலிம் இருக்கும் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. நிக்கான் கேமராவில் லென்ஸ் பொருந்தும் வாயான எஃப் மவுண்டில் இத்தொலைவு 46.5 மி.மீ.; அதன்மேல் அடாப்டர் என்னும் இணைப்பு வளையத்தின் தடிமனும் சேர்வதால், லென்ஸ் இருக்க வேண்டிய இடத்திலிருந்து முன்னே தள்ளி நிற்கிறது; அருகிலுள்ள பொருள்கள் மட்டுமே தெளிவடைகின்றன. உள்ளே கண்ணாடி வைத்த அடாப்டர் இக்குறையைத் தீர்க்கும். ஆனால் அந்த மலிவான கண்ணாடி படத்தின் கூர்மையைக் குலைப்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. கேனான் இஎஃப் மவுண்டில் தொலைவு 44 மி.மீ. என்பதால் மெல்லிய வளையமே போதும். சோனி இ மவுண்ட் போன்ற, உள்ளே பிரதிபலிக்கும் ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் அது 18 மி.மீ. மட்டுமே, மீதியை அடாப்டரின் நீளம் ஈடுசெய்துவிடும். அப்படி ஒரு கேமரா கிடைத்தால் லென்ஸின் ஒளித்துளையை எஃப்/2 அளவில் முழுவதும் திறந்து, பின்னணியில் இலைகள் நிறைந்த மரத்தை வைத்து ஒரு முகத்தை எடுத்துப் பாருங்கள். இலையிடுக்கு வெளிச்சம் முகத்தைச் சுற்றிச் சுழல்வதுபோல் விழும். எஃப்/5.6க்கு மூடினால் அச்சுழல் மறைந்துவிடும். லென்ஸ் இப்போதும் அதன் தோல் உறையிலேயே இருக்குமானால், முதலில் அதை வெளியே எடுங்கள்.

கேள்வி: லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் ஏதோ படர்ந்திருக்கிறது. அரிசி டப்பாவில் போட்டு வைத்தால் போய்விடுமா?

பதில்: அது பூஞ்சை. அரிசி அதைப் போக்காது. அரிசி மாவுதான் இடுக்குகளில் புகும். பூஞ்சை வெளியிடும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கும். அரித்த தடம் துடைத்தாலும் போகாது. ஆகவே தொடக்கத்திலேயே பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் துடைத்துவிடுவது நல்லது. பின்னர், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன், ஈரப்பதம் நூற்றுக்கு 40 முதல் 50 வரை இருக்குமாறு வையுங்கள். பழைய லென்ஸ் வாங்கும்போது, பின்புறமிருந்து டார்ச் அடித்து முன்புறம் சாய்வாகப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது பயணத்துக்கு மட்டுமே உரியது.

கேள்வி: சூப்பர் டாக்குமர் 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ் தேநீர் நிறத்தில் மஞ்சளித்துள்ளது. இதுவும் பூஞ்சையா?

பதில்: இல்லை. ஏழு கண்ணாடிகள் கொண்ட அவ்வகையில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. அதன் கதிரியக்கத்தால் காலப்போக்கில் நிறம் மாறுகிறது. புற ஊதா விளக்கின் கீழ் சில நாள்கள் வைத்தால் பெரும்பாலும் தெளியும். வெயிலில் வைப்பதானால் பின்புறத்தை அலுமினியத் தாளால் மூடுங்கள். இல்லையேல் குவியும் ஒளி மேசையை எரித்துவிடக்கூடும்.

கேள்வி: முதல்முறையாகக் கேமரா வாங்குகிறேன். எதை வாங்கலாம்?

பதில்: நல்ல நிலையிலுள்ள பழைய கேமரா ஒன்றும் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்றும் போதும். சிறிய சென்சார் (ஒளியைப் பதிவு செய்யும் சில்லு) கொண்ட நிக்கானில் அது 75 மி.மீ. போலக் காட்சியைக் குறுக்கும் என்பதை மட்டும் அறிந்து வாங்குங்கள்.

கேள்வி: ஐயா, முப்பதாயிரம் ரூபாய்க்குள் எந்தக் கேமரா சிறந்தது?

பதில்: முந்தைய பதிலைப் படிக்கவும்.

கேள்வி: எடுத்த படத்தின் ஓரங்களைப் பின்னர் வெட்டுவது ஏமாற்று வேலை இல்லையா? பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே பிரெஸ்ஸோன் அதை ஏற்றதில்லையே?

பதில்: பொதுவாக அவர் ஏற்றதில்லை. ஆனால் 1932இல் பாரிசின் சான் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய நீரை ஒருவர் தாண்டிக் குதிப்பதை அவர் எடுத்த புகழ்பெற்ற படம் வெட்டப்பட்டதே. வேலிப் பலகைகளின் இடைவெளி வழியே எடுத்ததால் ஓரத்தில் பலகை மறைத்திருந்தது. கியூபப் புகைப்படக் கலைஞர் ஆல்பெர்த்தோ கோர்தா 1960 மார்ச் 5 அன்று கியூபத் தலைநகர் ஹவானாவில், லைக்கா கேமராவில் 90 மி.மீ. லென்ஸ் கொண்டு எடுத்த சே குவேராவின் படமும் அப்படியே. முழுச் சட்டகத்தில் ஒருபுறம் வேறொருவரின் பக்கவாட்டு முகமும், மறுபுறம் பனை வகை மரமொன்றின் ஓலைகளும் உண்டு.

கேள்வி: அருகில் நின்ற மனிதரை நீக்கியது வரலாற்றைத் திருத்துவதாகாதா? இதை நீங்கள் எப்படி நியாயப்படுத்துகிறீர்கள்?

பதில்: செய்திப் படமாகக் காட்டினால் உங்கள் கண்டனம் சரியே. முந்தைய நாள் கப்பல் வெடிவிபத்தில் இறந்தவர்களுக்கான அஞ்சலிக் கூட்டம் அது. அங்கு யார் யார் நின்றார்கள் என்பது செய்திக்கு முக்கியம். கோர்தா வெட்டி எடுத்ததோ ஒரு முகச்சித்திரம். நெகட்டிவ் முழுமையாக இருப்பதால்தான் எது நீங்கியது என்று நாம் இன்று வாதிடவும் முடிகிறது. ஆகவே வெட்டுங்கள், மூலக் கோப்பை மட்டும் அழிக்காதீர்கள்.

கேள்வி: பின்னால் வெட்டிக்கொள்ளலாம் என்றால், நெருங்கிச் சென்று எடுக்கும் பயிற்சியே வீண் என்கிறீர்களா?

பதில்: அப்படிச் சொல்லவில்லை. 24 மெகாபிக்சல் படத்தில் நீளத்தையும் அகலத்தையும் பாதியாக வெட்டினால் மிஞ்சுவது 6 மெகாபிக்சல் மட்டுமே. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 10 அங்குல நீளம் வரும். வீட்டுச் சுவருக்கு அது போதும், கண்காட்சிக்குப் போதாது. மேலும், வெட்டுவதால் நீங்கள் நின்ற இடம் மாறாது. முன்னே இருப்பதற்கும் பின்னே இருப்பதற்கும் உள்ள அளவு உறவு, நான்கு அடி முன்னே நடந்தால்தான் மாறும்.